வானத்திலிருந்து விழுந்த இரும்பில் கத்தி செய்த ஜஹாங்கீர்: போடி மலைப்பக்கம் இருந்து பார்த்தால் இந்தக் கதை ஏன் முக்கியம்?

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டு ஏறும் ரோட்டில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ராத்திரி வானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே ஊர் விளக்குகள், மேலே ஏலத்தோட்ட இருட்டு. அரை மணி நேரம் பொறுமையாக நின்றால் ஒரு எரிநட்சத்திரமாவது கண்ணில் படும். அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே காற்றிலேயே எரிந்து தீர்ந்துவிடும். எப்போதாவது ஒன்றுதான் தரைக்கு வந்து சேரும்.

அப்படி வந்து சேர்ந்த ஒன்று இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. போடியில் இருந்து பறவைக் கணக்கில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் கொடைக்கானல். அங்கே பழனி மலையில் 1898-ல் சுமார் 16 கிலோ எடையுள்ள ஓர் இரும்பு விண்கல் கண்டெடுக்கப்பட்டது. உலக விஞ்ஞானிகளின் பட்டியலில் அதன் பெயரே கொடைக்கானல்தான்.

ஆனால், இந்தியாவில் விழுந்த விண்கற்களில் முழு விவரத்தோடு பதிவான மிகப் பழைய கல் எது என்று தேடிப் போனால், ஒரு பேரரசரின் டைரியில் போய் நிற்போம். நாள், ஊர்ப்பக்கம், எடை, கொண்டு வந்த அதிகாரியின் பெயர், அதை உருக்கிய கொல்லரின் பெயர் வரை எழுதி வைத்தவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். யார் இவர்? வானத்து இரும்பு இவர் கைக்கு எப்படிப் போனது? விரிவாகப் பார்க்கலாம்.

தவமிருந்து பெற்ற பிள்ளை

அக்பருக்குப் பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருந்த காலம் அது. ஆக்ராவுக்குப் பக்கத்தில் சிக்ரி என்ற ஊரில் இருந்த சூஃபி பெரியவர் ஷேக் சலீம் சிஷ்டியிடம் போய் அக்பர் வேண்டிக்கொண்டார். 1569 ஆகஸ்ட் 31 அன்று அதே ஊரில் ஆண் குழந்தை பிறந்தது. பெரியவரின் பெயரையே வைத்து சலீம் என்றார்கள். தாய், ஆம்பேர் நாட்டு ராஜபுத்திர இளவரசி. பிள்ளை பிறந்த ராசி, அந்தச் சின்ன ஊரிலேயே ஃபதேபூர் சிக்ரி என்ற தலைநகரைக் கட்டினார் அக்பர்.

இவ்வளவு ஆசையாகப் பெற்ற மகன் அப்பாவோடு ஒத்துப்போனாரா என்றால், இல்லை. 30 வயதைத் தொட்டதும் அலகாபாத்தில் தனி தர்பார் நடத்தத் தொடங்கினார். அக்பரின் நெருங்கிய நண்பரும் அரசவை வரலாற்று ஆசிரியருமான அபுல் ஃபசல் 1602-ல் வழிமறித்துக் கொல்லப்பட்டார். ஆள் வைத்தது தான்தான் என்று பிற்காலத்தில் சலீமே தன் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். மறைக்கவும் இல்லை, பெரிதாக வருத்தப்படவும் இல்லை.

இந்த வெளிப்படைத்தன்மை அவருடைய குணம். குடியைப் பற்றியும் அப்படித்தான் எழுதினார். இளமையில் ஆரம்பித்த பழக்கம், ஒரு கட்டத்தில் நாளுக்கு 20 கோப்பை காய்ச்சிய சாராயம் என்ற அளவுக்குப் போனது. கை நடுங்கி, கோப்பையை வேறு ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டிய நிலை. வைத்தியர் எச்சரித்த பிறகு அளவைக் குறைத்து, கூடவே அபினியைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய தம்பிகள் முராத், தானியால் இருவரையும் இதே குடிதான் கொண்டுபோனது.

1605-ல் அக்பர் காலமானார். 36 வயதில் அரியணை ஏறிய சலீம், ஜஹாங்கீர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். உலகைப் பிடித்தவர் என்று அர்த்தம். துருக்கியை ஆண்ட சுல்தான்களிலும் சலீம் என்ற பெயர் இருந்ததால் குழப்பம் வரக் கூடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

முதல் வேலையாக, நியாயம் கிடைக்காதவர்கள் நேரடியாக அரசரைக் கூப்பிட, 60 மணிகள் கட்டிய தங்கச் சங்கிலி ஒன்றை ஆக்ரா கோட்டையில் தொங்கவிட உத்தரவிட்டார். மறு வருஷமே மூத்த மகன் குஸ்ரூ அவருக்கு எதிராகக் கிளம்பினான். அப்பாவுக்கு இவர் செய்தது, இவருக்கே திரும்பி வந்தது. லாகூரில் மகனின் ஆட்களைக் கழுவில் ஏற்றி, அந்த வரிசைக்கு நடுவே மகனை யானை மேல் உட்கார வைத்து அழைத்துப் போனார். சீக்கியர்களின் 5-வது குரு அர்ஜன் தேவ் உயிரிழந்ததும் 1606-ல் நடந்த இதே களேபரத்தின் தொடர்ச்சியில்தான். அடுத்த ஆண்டு குஸ்ரூவின் கண்கள் குருடாக்கப்பட்டன.

நீதிச் சங்கிலியும் அவருடையது, கழுமர வரிசையும் அவருடையதுதான். எதை விட்டுவிட்டு எழுதினாலும் பாதி ஆள்தான் தெரிவார்.

எதையும் அளந்து பார்க்கிற அரசர்

சரி, விண்கல்லுக்கு வருவோம். அதற்கு முன்னால் இவருடைய இன்னொரு பக்கம் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால், ஒரு கிராமத்தில் விழுந்த இரும்புத் துண்டு ஏன் அரண்மனை வரை போனது என்பது புரியாது.

ஜஹாங்கீருக்கு எதைப் பார்த்தாலும் அளக்கணும், எடை போடணும், பரிசோதிக்கணும். ஒரு ஜோடி சாரஸ் கொக்குக்கு லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து வளர்த்தார். அவை இணை சேர்ந்தது முதல் முட்டையிட்டு, மாறி மாறி அடைகாத்து, குஞ்சு பொரித்தது வரை நாள் கணக்கோடு குறித்தார். எலும்பு முறிவை மும்யாயி என்ற மலைப்பிசின் குணமாக்கும் என்று வைத்தியர்கள் சொன்னபோது, ஒரு கோழியின் காலை உடைத்து, மருந்தைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கால் கூடவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டார். கோழிக்குப் பாவம்தான்.

1618 நவம்பர் வாக்கில் வானில் வால் நட்சத்திரம் தெரிந்தபோது அதையும் பல இரவுகள் கவனித்துப் பதிவு செய்தார். அதே ஆண்டில்தான், குடியாலும் அபினியாலும் எலும்புக்கூடாகிச் சாகக் கிடந்த தன் அதிகாரி இனாயத் கானைப் பல்லக்கில் வரவழைத்து, ஓவியர்களைக் கூப்பிட்டு அப்படியே வரையச் சொன்னார். மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார். கேமரா இல்லாத காலம். ஜஹாங்கீருக்கு ஓவியர்கள்தான் கேமரா.

1621 வசந்த காலத்தில் ஒரு விசித்திர விலங்கு அரண்மனைக்கு வந்தது. உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடு. யாரோ பெயிண்ட் அடித்து ஏமாற்றுகிறார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். சோதித்துப் பார்த்த பிறகுதான் அது பிறவியிலேயே அப்படி என்று ஒப்புக்கொண்டார்கள். அது வரிக்குதிரை. ஓவியர் மன்சூர் வரைந்த அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

அதே 1621 வசந்தத்தில்தான் இரும்பும் விழுந்தது.

ஏப்ரல் 10, 1621: ஜலந்தரில் என்ன நடந்தது?

பஞ்சாபின் ஜலந்தர் பகுதியில் ஒரு கிராமம். விடியற்காலை. கிழக்குப் பக்கம் இருந்து பயங்கரமான சத்தம். ஊர் மக்கள் பயத்தில் உறைந்துபோய்விட்டார்கள். சத்தத்துக்கு நடுவே மேலே இருந்து ஒரு வெளிச்சம் தரையில் இறங்கியது. வானத்தில் இருந்து நெருப்பு மழை பெய்கிறது என்றே நினைத்தார்கள்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் முகமது சயீத் என்ற வருவாய் அதிகாரிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் குதிரை ஏறி நேரில் வந்தார். நீளத்திலும் அகலத்திலும் 10, 12 கஜத்துக்கு நிலம் கருகி, புல் பூண்டு இல்லாமல் கிடந்தது. தோண்டச் சொன்னார். ஆழம் போகப் போகச் சூடு கூடியது. கடைசியில் உலையில் இருந்து எடுத்தது போல ஓர் இரும்புக் கட்டி. ஆறியதும் அதைப் பையில் போட்டு, முத்திரை வைத்து அரசருக்கு அனுப்பினார்.

யோசித்துப் பாருங்கள். அந்த அதிகாரி அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். ஊர்க்காரர்கள் பொட்டு வைத்துக் கோயிலில் சேர்த்திருக்கலாம். உலகம் முழுக்கப் பல விண்கற்கள் அப்படித்தான் போயின. சீல் வைத்து அனுப்பிய ஒரு காரியத்தால்தான் இன்று இந்தக் கதையே நமக்குக் கிடைக்கிறது.

அரசர் என்ன செய்தார்? வழக்கம்போல எடை போடச் சொன்னார். 160 தோலா. இன்றைய கணக்கில் 2 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. போடி கடைத்தெருவில் 2 கிலோ ஏலக்காய் வாங்கினால் பை நிறைய வரும். 2 கிலோ இரும்பு என்பது கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டை, அவ்வளவுதான்.

அடித்தால் உடைந்தது ஏன்?

உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரை வரவழைத்து வாளும் குத்துவாளும் கத்தியும் செய்யச் சொன்னார் அரசர். பட்டறைக்குக் கொண்டுபோன தாவூத் திரும்பி வந்து ஒரு பிரச்சனையைச் சொன்னார். சம்மட்டிக்குக் கீழே வைத்தால் இரும்பு தாங்கவில்லை, உதிர்கிறது.

இது நடக்கக்கூடியதுதான். விண்கல் இரும்பில் நிக்கல் கலந்திருக்கும். அதோடு கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த கனிமங்களும் திட்டுத் திட்டாக இருக்கும். காய்ச்சி அடிக்கும்போது அந்த இடங்களில் விரிசல் விடும்.

வழி சொன்னவர் ஜஹாங்கீர் என்கிறது அவரது குறிப்பு. சாதாரண இரும்பைச் சேர்த்துப் பாரென்றார். 3 பங்கு வானத்து இரும்பு, 1 பங்கு பூமி இரும்பு. இந்த முறை உடையவில்லை. 2 வாள், 1 குத்துவாள், 1 கத்தி தயாராயின. வாளை வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. தென்னாட்டு வாள்களைப் போல இருந்தது என்று பாராட்டி எழுதினார் அரசர்.

இந்த இடம் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது. டெல்லியையும் ஆக்ராவையும் ஆண்ட ஒருவருக்கு, நல்ல வாள் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தெற்கே இருந்துதான் வந்தது. தென்னிந்திய உருக்கு அப்போதே கடல் தாண்டிப் பேர் வாங்கிய பொருள். ஈரோடு பக்கம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால உலைகள் வெளிப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியர்கள் அந்த எஃகை வூட்ஸ் என்று அழைத்தார்கள். உருக்கு, உக்கு என்ற நம்ம பக்கத்துச் சொற்களில் இருந்து பிறந்த பெயர் அது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

2 வாள்களுக்கும் பெயர் வைத்தார் ஜஹாங்கீர். ஒன்று வெட்டும் வாள், இன்னொன்று மின்னலின் இயல்பு கொண்டது என்ற பொருளில் பாரசீகப் பெயர்கள். அரசவைக் கவிஞர் பேபதல் கான், எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் ஹிஜ்ரி 1030 என்ற ஆண்டு வருகிற மாதிரி ஒரு பாட்டும் எழுதிக் கொடுத்தார். அவர் பொற்கொல்லர் வேலையிலும் கெட்டிக்காரர். பின்னாளில் ஷாஜஹானுக்கு மயிலாசனம் செய்து முடித்த பொறுப்பு இவருடையதுதான்.

விஞ்ஞானிகள் நம்பாத விஷயம்

ஜஹாங்கீர் இதை மின்னல் இரும்பு என்றே நினைத்தார். விண்வெளிப் பாறை என்ற எண்ணம் அப்போது இல்லை. ஆனாலும் இரும்பு மேலே இருந்து விழுந்தது என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. 150 வருஷம் கழித்து, 1772-ல் கூட பிரெஞ்சு அகாடமியின் குழு ஒன்று, லூசே என்ற இடத்தில் விழுந்த கல்லை ஆராய்ந்துவிட்டு அது வானத்தில் இருந்து வந்ததல்ல என்று அறிக்கை கொடுத்தது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர் வேதியியலின் தந்தை என்று புகழப்படும் லவாய்சியர். ஜெர்மனியின் கிளாட்னி 1794-ல் விண்கற்கள் பூமிக்கு வெளியே இருந்து வருபவை என்று புத்தகம் எழுதினார். பலர் கேலி செய்தார்கள். 1803-ல் பிரான்சின் லெய்கில் ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் கொட்டிய பிறகுதான் வாய் மூடியது.

அதற்காக அரசரின் குறிப்பை வரிக்கு வரி நம்பிவிடவும் முடியாது. நிலம் கருகியது, தோண்டத் தோண்டச் சூடு என்ற பகுதியில் இன்றைய ஆய்வாளர்களுக்கு நெருடல் இருக்கிறது. சிறிய விண்கல் காற்றில் வேகம் குறைந்து, கடைசி சில கிலோமீட்டர்கள் சாதாரணக் கல்போலத்தான் விழும். மேல் தோல் மட்டும் உருகியிருக்கும், உள்ளே விண்வெளிக் குளிர் அப்படியே இருக்கும். புல்லை எரிக்கிற சூடு அதில் இருக்காது.

2016 பிப்ரவரியில் வாணியம்பாடி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஒருவர் உயிரிழந்தபோது, விண்கல்தான் காரணம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது நினைவிருக்கலாம். அப்போதும் நாசா தரப்பில் இருந்து, படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்று கருத்து வந்தது. கருகிய நிலம், பள்ளம் என்றதும் விண்கல் என முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இது.

வாள் வந்தது, ஆட்சி நழுவியது

வானமே ஆயுதம் அனுப்பியது என்று சந்தோஷப்பட்ட அரசருக்கு அதற்குப் பிறகு எல்லாமே இறங்குமுகம். மூச்சுத்திணறல் விடாமல் படுத்தியது. 1611-ல் அவர் மணந்த நூர்ஜஹான்தான் நிர்வாகத்தை நடத்தினார். நாணயத்தில் அவர் பெயரும் அச்சானது.

1622 அந்தக் குடும்பத்துக்கு மோசமான வருஷம். கண்ணிழந்த குஸ்ரூ, தம்பி குர்ரமின் காவலில் புர்ஹான்பூரில் இறந்துபோனார். பாரசீக அரசர் ஷா அப்பாஸ் கந்தஹாரைக் கைப்பற்றினார். மீட்கப் போகச் சொன்ன குர்ரம், போகாமல் அப்பாவுக்கு எதிராகவே கொடி பிடித்தார். தாத்தா, அப்பா, அண்ணன், தம்பி என்று இந்த வீட்டில் யாரும் யாரையும் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. அந்த ஆண்டோடு டைரியைத் தன் கையால் எழுதுவதையும் ஜஹாங்கீர் நிறுத்திவிட்டு, முத்தமித் கான் என்ற அதிகாரியிடம் வேலையை ஒப்படைத்தார். வானத்து இரும்பு ஒரு வருஷம் தள்ளி விழுந்திருந்தால், இவ்வளவு ரசித்து எழுத அவருக்குத் தெம்பு இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

1626-ல் தளபதி மகாபத் கான் ஜீலம் ஆற்றங்கரையில் அரசரையே சிறைபிடித்தார். யானை மேல் ஏறி ஆற்றில் இறங்கிச் சண்டைக்குப் போனவர் நூர்ஜஹான். அதில் தோற்றாலும் பிறகு சாமர்த்தியமாகக் கணவரை மீட்டார். 1627 அக்டோபர் இறுதியில், காஷ்மீரில் இருந்து லாகூருக்குத் திரும்பும் வழியில் ஜஹாங்கீர் காலமானார். வயது 58. லாகூர் ஷாதராவில் சமாதி. குர்ரம், ஷாஜஹான் என்ற பெயரோடு அரியணை ஏறினார்.

இந்த நேரத்தில் போடி எப்படி இருந்தது என்று கேட்டால், முகலாயர் கை அங்கே எட்டவே இல்லை. மதுரை நாயக்கர்களின் ஆட்சி. இரும்பு விழுந்த 2 வருஷத்தில், 1623-ல், திருமலை நாயக்கர் மதுரையில் பட்டத்துக்கு வந்தார்.

இப்போது எங்கே இருக்கிறது?

ஜஹாங்கீரின் 2 வாள்களும் குத்துவாளும் காலப்போக்கில் காணாமல் போயின. தப்பியது கத்தி ஒன்றுதான். ஒரு சாணைவிடச் சற்றே நீளம், நீரோட்டம் போன்ற வரிகள் ஓடும் அலகு, அதில் தங்கத்தால் பதித்த பாரசீக எழுத்து. எந்த இரும்பு, யார் ஆட்சியில் விழுந்தது, யார் செய்யச் சொன்னது என்ற விவரம் கத்தியிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள ஃப்ரீயர் கலைக்கூடம் அதை 1955-ல் வாங்கியது. இன்றும் அங்கேதான்.

மேல்நாடுகளில் பெரிய விண்கற்களைப் படம் எடுத்து போஸ்ட் கார்டாக விற்றார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் 1902-ல் எல்லிஸ் ஹியூஸ் என்பவர் கண்டுபிடித்த 15 டன் வில்லாமெட் விண்கல்லின் குழிகளில் 2 சிறுவர்கள் உட்கார்ந்திருக்கும் பழைய படம் உலகப் பிரசித்தம். அந்த மாதிரி கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஜலந்தர் இரும்புக்கு அப்படி ஒரு படம் எடுக்க வாய்ப்பே இல்லை. பட்டறைக்குப் போன பிறகு மிச்சமிருந்தது ஆயுதங்களும் டைரியின் ஒரு பக்கமும்தான்.

கொடைக்கானல் கல்லின் வழி வேறு. அதை யாரும் கத்தி ஆக்கவில்லை. 1898-ல் கிடைத்தது, மறு வருஷம் 1899-ல் அதே மலையில் சூரிய ஆய்வகம் வந்தது. 1906-ல் வியன்னாவில் பெர்வெர்த் என்ற கனிமவியலாளர் அதன் துண்டை ஆராய்ந்து, இரும்புக்குள் கண்ணாடிபோலப் பதிந்திருந்த சிலிக்கேட் துளிகளைப் பற்றி எழுதினார். 1967-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பர்னெட்டும் வாசர்பர்க்கும் அந்தத் துளிகளின் வயதைக் கணக்கிட்டார்கள். சுமார் 380 கோடி ஆண்டுகள். பழசுதானே என்று தோன்றும். ஆனால், பெரும்பாலான விண்கற்களின் வயது 450 கோடிக்கு மேல். அந்தக் கூட்டத்தில் நம்ம மலைக் கல் இளசு. சூரியக் குடும்பம் உருவாகி 70, 80 கோடி ஆண்டுகள் கழித்தும் விண்வெளியில் எங்கோ ஒரு மோதலில் இரும்பும் பாறையும் சேர்ந்து உருகியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. அதை யாராவது பட்டறையில் காய்ச்சி அடித்திருந்தால் இந்தக் கணக்கு அழிந்துபோயிருக்கும்.

ஏலத்தோட்டத்திலோ வயலிலோ அப்படி ஏதாவது கையில் கிடைத்தால்? வழக்கத்துக்கு மாறான கனம், மேலே கறுத்த மெல்லிய தோல், காந்தம் ஒட்டுவது, இவை முதல் அடையாளங்கள். உடைக்கவோ சுடவோ கழுவவோ வேண்டாம். கிடந்த இடத்தைப் போட்டோ எடுத்துவிட்டு, வருவாய்த் துறைக்குத் தகவல் சொல்லலாம். நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. முகமது சயீத் 400 வருஷத்துக்கு முன்னால் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். என்ன, அவர் தோண்டிவிட்டார்.